பத்தடி தூரத்தில்

எங்கள் பட்டறையில் அவருக்கு மைக்செட் என்று பெயர். பதினாலு வருஷமாகப் புழக்கத்தில் இருக்கிற பெயர், அவர் ஒருத்தருக்கு மட்டும் தெரியாது. முகத்துக்கு நேரே அண்ணே என்போம். முதுகு திரும்பியதும், "மைக்செட்டுக்கு டீ சொல்லியாச்சா?" என்போம். அவர் டிங்கர், அதாவது மோதி நசுங்கி வருகிற வண்டிகளைத் தட்டி நிமிர்த்துகிறவர். நான் பெயிண்டர். அவர் நிமிர்த்தியதைத் தேய்த்து வண்ணம் அடிப்பது என் வேலை. போதாக்குறைக்கு அவர் வீட்டு மாடியில்தான் குடியும் இருக்கிறேன். பகலில் காதுக்குப் பக்கத்திலும், மற்ற நேரத்தில் காலுக்கு அடியிலும் அந்தக் குரல் இருந்துகொண்டே இருக்கும்.

வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி வருகிற கதவை உள்பக்கம் ஓர் இரும்புக் கட்டியை அணைத்துப் பிடித்துக்கொண்டு, வெளியிலிருந்து சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டியே பழைய வளைவுக்குக் கொண்டுவந்துவிடுவார். அப்புறம் மெல்லிசான பழைய பருத்தித் துணியைத் தகட்டின் மேல் விரித்து, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுவார். துணி இல்லாமல் தடவினால் கை தகட்டோடு ஒட்டிக்கொண்டு பொய் சொல்லுமாம். முடியளவு மேடு இருந்தாலும் அந்தக் கை நின்றுவிடும். "இங்க இருக்குடா," என்பார். நான் குனிந்து, சாய்ந்து, வெளிச்சத்தில் பார்த்தாலும் எனக்குத் தெரியாது. வண்ணம் அடித்த பிறகு பார்த்தால் அவர் சொன்ன இடத்தில் அலை மாதிரி ஒன்று ஓடும்.

மற்ற பட்டறைகளில் பள்ளத்தில் பட்டி என்கிற பசையை அப்பி, தேய்த்து, மேலே வண்ணம் அடித்து அனுப்பிவிடுவார்கள். ஆறே மாதத்தில் பொரிந்து உதிர்ந்துவிடும். இவர் பட்டி டப்பாவைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பார். "பூசி மறைக்கிறதெல்லாம் ஒரு வேலையாடா?" என்று கேட்பார். அந்தக் கேள்வி தெருமுனை மருந்துக்கடை வரைக்கும் போகும்.

வாயைத் திறந்தால்தான் தொந்தரவு. முப்பது வருஷம் தகட்டுக்கும் சுத்தியலுக்கும் நடுவில் காதை வைத்துக்கொண்டு இருந்தவர். கம்ப்ரசர் ஒரு பக்கம், தேய்க்கிற மெஷின் ஒரு பக்கம். அந்தச் சத்தத்தில் எல்லாரும்தான் கத்துவோம். ஆனால் நாங்கள் வாசலைத் தாண்டினதும் குரலை இறக்கிவிடுவோம். இவருக்கு இறக்க வேண்டும் என்றே தெரியாது. காது போய்க்கொண்டிருப்பதும் தெரியாது. ஊரில் எல்லாரும் இப்போதெல்லாம் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் நாங்கள் தூணில் ஸ்பானரால் இரண்டு தட்டு தட்டுவோம். வீட்டில் அண்ணி தட்டில் கரண்டியால் இரண்டு தட்டு தட்டுவாள். யாரும் உட்கார்ந்து பேசி ஏற்பாடு செய்ததில்லை, தானாகப் பழகிவிட்டது. நாங்கள் எல்லாருமாகச் சேர்ந்து பதினாலு வருஷம் அவருக்குப் பட்டி பூசிக்கொண்டிருந்தோம்.

மழை தொடங்கின வாரம் முதலாளி ஒரு கூத்து பண்ணினார். பெரிய வண்டிக் கம்பெனி ஒன்றின் வேலை கிடைக்கப்போகிறது, பட்டறை ஆட்களுக்கு வகுப்பு நடத்தியிருக்க வேண்டும் என்கிறார்கள் என்று சொல்லி, ஒரு சனிக்கிழமை கம்ப்ரசரை நிறுத்திவிட்டு எங்களைப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்காரவைத்தார். கண்ணாடி போட்ட ஓர் அம்மா வந்தார். பலகையில் "தன்னை அறிந்தால் வாழ்வு நிறையும்" என்று எழுதினார். நல்ல அம்மாதான். நாங்கள்தான் கொட்டாவியை மென்று விழுங்கிக்கொண்டிருந்தோம்.

ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார். நம்மிடம் இருக்கிற நிறை மூன்று, குறை மூன்று எழுத வேண்டும். அண்ணன் பேனாவைக் கடித்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து ரகசியமாகக் கேட்டார். "எனக்குக் கோவமே வர்றதில்லையேடா. அதைக் குறைன்னு எழுதறதா, நிறைன்னு எழுதறதா?"

அவருடைய ரகசியம் அது. அந்த அம்மா கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. வண்டிகளுக்கு வயரிங் பார்க்கிற எலெக்ட்ரீஷியன் சிரிப்பை அடக்க முடியாமல் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டான்.

வேடிக்கை என்னவென்றால், அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை.

அடுத்தது ஜோடி ஜோடியாக. பக்கத்தில் இருப்பவர் தாளை வாங்கி, அவரிடம் நமக்குத் தெரிகிற குறையை எழுதிக் கொடுக்க வேண்டும். "தயங்காதீங்க. ஒருத்தருக்கு அவரைப் பத்தித் தெரியாததைச் சொல்றது பெரிய உதவி," என்றார் அந்த அம்மா. அண்ணன் தாள் என் கையில். இந்தச் சந்தர்ப்பத்தை விட்டால் வேறு கிடைக்காது என்று எனக்குத் தெரியும். வாயால் சொன்னால்தானே சங்கடம், எழுத்தில் எழுதலாம். "அண்ணே, உங்களுக்குக் காது கேட்கவில்லை. நீங்கள் கத்துகிறீர்கள்." இவ்வளவுதான். பேனாவைத் திறந்தேன். அவர் பரீட்சைத் தாளுக்குக் காத்திருக்கிற மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "குறை ஒன்றும் இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு என் தோளில் தட்டினார். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அதே வாரம் அவர் மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். மாப்பிள்ளைக்கு ரொம்பத் தூரத்தில் ஓர் ஊரில் வேலை கிடைத்திருந்தது. அவர் போய் வீடு பார்த்து வைக்கிற வரைக்கும் ஐந்தாறு வாரம் இங்கே இருப்பதாக ஏற்பாடு. அந்த ஊருக்குப் போய்விட்டால் திரும்பி வர இரண்டு வருஷம் ஆகும். அதற்குள் குழந்தை பேசத் தொடங்கிவிடும், தாத்தா யாரென்று மறந்தும் போகும்.

பேத்தியைப் பார்க்க அண்ணன் வேலை முடிந்ததும் ஓடிவருவார். கையை மண்ணெண்ணெயில் துடைத்து, சோப்புப் போட்டு, மோந்து பார்த்து, மறுபடி கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் தொட்டிலிடம் போவார். குனிந்து, முகமெல்லாம் சிரிப்பாக, "செல்லக்குட்டீ!" என்பார். அவ்வளவுதான். குழந்தை கையையும் காலையும் உதறி வீல் என்று அலறும். அது அழுதால் இவர் சமாதானம் செய்வார். சமாதானம் செய்யச் செய்ய அது நீலம் பாரித்துப்போகும். மாடியில் உட்கார்ந்து ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருக்கிற நான், தட்டை வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொள்வேன்.

பத்தாம் நாள் காலையில் தூறலில் மகள் பெட்டியைக் கட்டினாள். அண்ணன் வேலைக்குப் போயிருந்தார். எனக்கு அன்று முதுகுவலி, படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். கூட வேலை பார்த்த தோழி வீடு நாலு தெரு தள்ளி இருக்கிறது, மீதி நாளை அங்கே கழித்துக்கொள்கிறேன் என்றாள். அண்ணி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"பெத்த வீடு இருக்கும்போது ஊரான் வீட்டுல போய்த் தங்குவியா? பார்க்கிறவங்க என்னடி சொல்வாங்க?"

"என்ன வேணா சொல்லட்டும்மா. குழந்தை நாலு நாளா பால் கக்குது. தூங்கறதே இல்ல."

"அப்பாவுக்குக் காது மந்தம்டி. வேணும்னா கத்தறார்?"

"தெரியும்மா. எனக்கு விவரம் தெரிஞ்சதிலேருந்து தெரியும். தெரிஞ்சு என்ன பண்ண? அந்தக் குரலைக் கேட்டா இன்னும் எனக்கு வயிறு சுருங்குது." என் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்க சொல்லுங்க. நாலாவது படிக்கறப்போ ஓட்டப் பந்தயத்துல முதல்ல வந்தேன். அப்பா கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் நின்னு என்னமோ கத்தினார். நான் தப்பு ஏதோ பண்ணிட்டேன், வீட்டுக்குப் போனா அடி விழும்னு நெனச்சு, அத்தனை பேர் முன்னாடியும் பாவாடையை நனைச்சுட்டேன். அவர் சொன்னது சபாஷ். பத்து வருஷம் கழிச்சு அம்மா சொல்லித்தான் தெரியும், அது சபாஷ்னு."

"அதைப் போய் இன்னும் மனசுல வச்சுக்கிட்டு..." என்றாள் அண்ணி.

"மனசுல இல்லம்மா. உடம்புல இருக்கு. அப்பா நல்லவர்னு மனசுக்குத் தெரியுது, உடம்புக்கு யார் சொல்றது? இப்ப இவளுக்கும் அதே ஆயிட்டிருக்கு. நான் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

"நீயே சொல்லேன் அவர்கிட்ட."

"முப்பது வருஷமாக் கூட இருக்கே, நீ சொன்னியா?"

அண்ணி வழியை விட்டு நகர்ந்துகொண்டாள். நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் வைத்தேன்.

அண்ணன் வந்து கேட்டபோது அண்ணி, "இங்க கொசு ஜாஸ்தி. குழந்தைக்கு ஒத்துக்கல," என்று சொல்லிவிட்டாள். மறுநாளே அவர் கம்பிவலை வாங்கிவந்தார். ஒவ்வொரு ஜன்னலையும் அளந்து, சட்டம் வளைத்து, விளிம்பில் குழந்தை கை பட்டால் கிழிக்காமல் இருக்க ஓரம் மடித்து, மூன்று நாளில் வீடு முழுக்க அடித்து முடித்தார். கொசு என்ன, தூசிகூட நுழையாது. அண்ணி சமையலறையில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிற மாதிரி அழுதுகொண்டிருந்தாள். அவள் முன்னால் வெங்காயம் இல்லை.

அவரிடம் இருந்தது பட்டன் போன். அதனால் என் போனில் மகளுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பச் சொன்னார். அனுப்பினோம். அன்று முழுக்க பதில் இல்லை.

மறுநாள் பதினொரு மணி டீ நேரத்தில் கரண்ட் போனது. கம்ப்ரசர் ஓய்ந்தது, தேய்க்கிற மெஷின் ஓய்ந்தது. கூரைத் தகட்டில் மழை சொட்டுகிறது மட்டும்தான் சத்தம். அண்ணன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "நேத்து அனுப்பினது போய்ச் சேர்ந்துச்சான்னு பாருடா," என்றார். போனை எடுத்துப் பார்க்கப் போக, விரல் அந்தச் செய்தி மேல் பட்டுவிட்டது. காலையில் பாட்டுக் கேட்பதற்காக என் போனை எலெக்ட்ரீஷியனுடைய பெரிய பேட்டரி ஸ்பீக்கரோடு இணைத்திருந்தேன், அதை மறந்துபோனேன். பட்டறை அதிர்ந்தது.

ஒரு குரல், யாரையோ கழுத்தைப் பிடித்து உலுக்குகிற குரல்.

அண்ணன் சட்டென்று நிமிர்ந்தார். "எவன்டா அவன்? யாரைடா போட்டு இந்தத் திட்டு திட்டறான்?"

ஸ்பீக்கரே பதில் சொன்னது. "ஒரு கொசு வராது! குட்டியைக் கூட்டிக்கிட்டு வா! அப்பா வழி பார்த்துக்கிட்டு இருக்கேன்!"

துணி அவர் கையில் அப்படியே நின்றது. "இது நான் சொன்னதுல்ல?" என்றார்.

எலெக்ட்ரீஷியனுக்கு வாயில் பூட்டு கிடையாது. "சாட்சாத் மைக்செட்டேதான்!" என்று சிரித்தவன், பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"மைக்செட்டா? யாரு மைக்செட்டு?"

அவர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். ஒவ்வொருவரும் தரையைப் பார்த்தோம். எட்டுப் பேர் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தால் எப்படிப்பட்டவனுக்கும் புரிந்துவிடும். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "இன்னொரு தடவை போடு," என்றார். போட்டேன். "இன்னொரு தடவை." நாலாவது தடவை ஸ்பீக்கர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையை அதன் முகத்தில் வைத்துக்கொண்டார், நசுங்கின கதவைத் தடவிப் பார்க்கிற மாதிரியே.

சாயங்காலம் இருவரும் குடையில்லாமல் நடந்து வந்தோம். மருந்துக்கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கியபோதுதான் வாயைத் திறந்தார்.

"மககிட்ட நான் எப்பவும் இப்படித்தான் பேசியிருக்கேனா?"

தலையாட்டினேன்.

"சின்ன வயசுல? கொஞ்சும்போது?"

அதற்கும் தலையாட்டினேன்.

"வெயில்ல நின்னு விளையாடாதேன்னு சொன்னது, காய்ச்சல் வந்தப்போ கஞ்சி குடிம்மான்னு சொன்னது, எல்லாம் இந்தக் குரல்லயா?" அவர் கேட்டதே அந்தக் குரலில்தான். மருந்து வாங்க வந்த பெண் ஒருத்தி எங்களைச் சுற்றிக்கொண்டு போனாள். அவர் அதைப் பார்த்தார். முதல் தடவையாக அதைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். மடிப்பெல்லாம் வியர்வையில் நைந்திருந்தது. "குறை ஒன்றும் இல்லைன்னு எழுதிக் குடுத்தியேடா. உன்னை நம்பி பத்திரமா வச்சிருந்தேன்."

தாளைப் பழையபடி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மழை விட்டதும் நடந்தோம்.

காது டாக்டரிடம் போனோம். ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து ஏதேதோ சத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். போனது போனதுதான், திரும்பாது என்றார் டாக்டர். காது மெஷின் கொஞ்சம் கைகொடுக்கும், அளவெடுத்துச் செய்துவர ஒரு மாதம் ஆகும், பழக மேலும் சில மாதம் ஆகும். மகள் ஊருக்குக் கிளம்ப இருபது நாள்தான் இருந்தது.

அன்றிலிருந்து அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். தட்டு காலியானால் தள்ளி வைப்பார், டீ வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டுவார். பட்டறையில் சுத்தியல் சத்தம் மட்டும் கேட்டது. ஐந்தாவது நாள் அண்ணி மாடிப்படி ஏறி வந்தாள்.

"தம்பி, அவர் என் மேல கோவமா இருக்காரா?"

"அவருக்கு ஏதண்ணி கோவம்?"

"பின்ன ஏன் ஒரு வார்த்தை பேசமாட்டேங்கறார்? கத்தினப்பவாவது வீட்டுல ஆள் இருக்கற மாதிரி இருந்துச்சு. இப்ப எழவு விழுந்த வீடு மாதிரி இருக்கு. குழம்புல உப்புப் போட மறந்துட்டேன் தம்பி நேத்து. பேசாமத் தின்னுட்டு எழுந்து போனார். எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு."

"பேசினா கத்திடுவோம்னு பயப்படறார் அண்ணி."

"அவரா? பயமா?" அண்ணி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான்தான் முன்னாடியே சொல்லியிருக்கணும். கல்யாணம் ஆன புதுசுல சொல்லலாம்னு நெனச்சேன். புதுசுல எப்படிச் சொல்றதுன்னு விட்டேன். பழசான அப்புறம் இனிமே சொல்லி என்னன்னு விட்டேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நேத்து மக தங்கியிருக்கற வீட்டுக்குப் போயிருந்தேன். ஊருக்குப் போறதுக்கு முன்ன ஒரு தடவை குழந்தையைக் கொண்டுவந்து காட்டுடீன்னு கெஞ்சினேன். என்ன சொன்னா தெரியுமா? அப்பா ஒரே ஒரு தடவை எங்கிட்ட சாதாரணமாப் பேசட்டும், வர்றேங்கறா. போன்லயாவது பேசட்டும், குழந்தையைத் தூக்கிட்டு ஓடி வர்றேங்கறா."

"நான் போய்ச் சொல்லட்டுமா?"

"நீயோ நானோ சொல்லி என்ன தம்பி? அவ கேக்கறது அவங்க அப்பாவை."

இதை அண்ணனிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். இந்தத் தடவை அந்த ஓட்டப் பந்தயம் உட்பட உள்ளதை உள்ளபடி எழுதினேன். அவர் இரண்டு தடவை படித்தார். உள்ளே போய், தகடு தடவுகிற அந்தப் பழைய பருத்தித் துணியை எடுத்துவந்து, கழுத்தில் சுற்றி, தொண்டைக்குழியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். "காதுதானே போச்சு. கை இருக்குல்ல?" என்றார்.

கையில் அதிர்வது தெரியும். எவ்வளவு அதிர்ந்தால் எவ்வளவு சத்தம் என்று யாராவது சொல்ல வேண்டும், அதற்கு நான். தினமும் வேலை முடிந்ததும் மொட்டை மாடி. நான் பத்தடி தள்ளி நிற்பேன். அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு பேசுவார். எனக்குக் கேட்டால் கையைத் தூக்க வேண்டும், கேட்காவிட்டால் தூக்கக் கூடாது. பத்தடி என்ன கணக்கு என்றால், பட்டறையில் பத்தடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனைக் கூப்பிடத்தான் நாங்கள் கத்துவோம். பக்கத்தில் இருக்கிறவனிடம் பேசினால் பத்தடியில் இருக்கிறவனுக்குக் கேட்கக் கூடாது. எங்கள் இரண்டு பேர் மூளைக்கும் அது சரியாகத்தான் பட்டது.

முதல் நாள் என் கை இறங்கவே இல்லை, தோள்பட்டை கழன்றுபோனது. "அம்மாடி" என்று ஆரம்பிப்பார், நான் தூக்குவேன். "அம்..." தூக்குவேன். எதிர்வீட்டு மாடியில் துணி எடுக்க வந்த கிழவர், நான் யாருக்கோ டாட்டா காட்டுகிறேன் என்று நினைத்து அவரும் காட்டினார். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார், அதற்கும் நான் கையைத் தூக்க வேண்டியிருந்தது. ஒரு வாரத்தில் பாதிக்குப் பாதி குறைந்தது. இரண்டாம் வாரம் முடிவில் அவர் உதடு அசையும், கழுத்துத் துணி அசையாது, என் கை கீழேயே இருக்கும். மனிதர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "இத்தனை வருஷம் எம்புட்டு பலத்தை வீணாக்கியிருக்கேன் பாரு," என்றார், கையைத் தொண்டையிலிருந்து எடுத்துவிட்டு. அது மருந்துக்கடை வரைக்கும் போனது.

என்ன பேசப்போகிறார் என்று நான் கேட்கவில்லை. ஒரு துண்டுத் தாளில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். முதல் வரி "அன்னிக்கு நான் சொன்னது சபாஷ்" என்று இருந்தது.

திங்கட்கிழமை காலை மகளுக்கு ரயில். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மழை விட்டு, மொட்டை மாடித் தரையில் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு கிடந்தது. கீழே அண்ணி குழந்தைக்கு உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு முட்டை, குழையாத சோறு. துவைத்த விரிப்பைத் தொட்டிலில் போட்டாகிவிட்டது. அண்ணன் குளித்து, சலவைச் சட்டை போட்டு, கழுத்தில் அந்தத் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"நடுவுல நீ பூரக் கூடாது. போட்டுக் குடுத்துட்டு பத்தடி தள்ளிப் போ. அவ சொல்றது எனக்குக் கேக்காது, பரவால்ல. நான் சொல்றது அவளுக்குக் கேட்டாப் போதும். கத்தினேன்னா மட்டும் கையைத் தூக்கு," என்றார்.

என் போனில் எண்ணைப் போட்டேன். மணி அடித்து, "மாமா?" என்று மகள் குரல் வந்தது. "அப்பா பேசறார்மா," என்று சொல்லிவிட்டு அவர் காதில் வைத்தேன். அவர் போனை இடது கையில் பிடித்து, வலது கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டார். நான் பத்தடி நடந்து தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்துகொண்டேன்.

அவர் பேசினார். கண்ணை மூடிக்கொண்டு, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகத் தடவித் தடவிப் பார்த்துப் பேசினார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஒரு சொல்கூட என் காதுக்கு வரவில்லை, என் கை தொடையோடு ஒட்டிக் கிடந்தது. ஒரு தடவை சிரித்தார். ஒரு தடவை கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, அதைத் துடைக்காமலே பேசினார். கால் மணி நேரத்துக்குக் குறையாமல் பேசியிருப்பார். அண்ணி கரண்டியும் கையுமாகப் படிமேல் வந்து நின்று, என்னைப் பார்த்து ஜாடையில் கேட்டாள். நான் பெருமையாகத் தலையாட்டினேன்.

கடைசியில் கண்ணைத் திறந்து, போனை இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் நீட்டினார். "எப்படிடா?" என்றார், தொண்டையில் கை வைத்து, உதட்டால் மட்டும்.

போனைப் பார்த்தேன். இணைப்பு எப்போதோ போயிருந்தது. பேசிய நேரம் முப்பத்தெட்டு விநாடி. அதற்குக் கீழே மகள் எழுதின செய்தி. "மாமா, அப்பா ஒன்றுமே பேசவில்லை. எத்தனை தடவை அப்பா அப்பா என்று கூப்பிட்டேன். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. நான் வீட்டை விட்டுப் போனதில் அவ்வளவு கோபம் போல. பரவாயில்லை, நான் வரவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்."

தொண்டை அசையாமல் பேசினால் வருவது வெறும் காற்று. பத்தடி தள்ளி நின்ற எனக்குக் கேட்காததை நான் வெற்றி என்று நினைத்திருந்தேன். ஓரடியில் நின்று ஒரு நாளாவது கேட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. அவசரமாகத் திரும்பப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். போனையே அணைத்து வைத்துவிட்டாள்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்த அதே பார்வை. "கேட்டுச்சாமா அவளுக்கு?"

ஆமாம் என்று தலையாட்டிவிடலாம். கிளம்புகிற அவசரம், வர முடியவில்லையாம் என்று சொல்லி முடித்துவிடலாம். தலை அதற்குத் தயாராகத்தான் இருந்தது. சலவைச் சட்டைப்பையிலும், நான் எழுதிக் கொடுத்த அந்தத் தாளின் மடிப்பு தெரிந்தது.

"கேக்கலண்ணே," என்றேன்.

"என்ன?"

"அவளுக்குக் கேக்கல."

"என்னடா சொல்றே? வாய்க்குள்ளேயே பேசாதே."

அவர் காதருகில் போய் அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "அவளுக்குக் கேக்கவே இல்லண்ணே! நீங்க பேசினது ஒண்ணுமே கேக்கல! அவ வரமாட்டா!"

எதிர்வீட்டு மாடியில் கிழவர் திரும்பிப் பார்த்தார். படிமேல் அண்ணியின் கரண்டி விழுந்து உருண்டது. அண்ணன் ஒரு அடி பின்னால் நகர்ந்து சுவரில் முதுகு இடித்து நின்றார். கழுத்துத் துணி அவிழ்ந்து தோளில் தொங்கியது. அடிபடப்போகிற குழந்தை மாதிரி முகத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"நான் என்னடா தப்பு பண்ணினேன்? ஏன் எம்மேல இவ்வளவு கோவப்படறே?"

"எனக்குக் கோவமே இல்லண்ணே," என்றேன். அதையும் கத்தித்தான் சொன்னேன்.